பூமி என்றொரு வதந்தி

ஐசக் அஸிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவலில் லார்ட் டோர்வின் என்றொரு ஆசாமி வருவார். பால்வெளி முழுவதையும் ஆளும் பேரரசின் பெரிய அதிகாரி. சதா மூக்குப்பொடி, நாக்கில் 'ர' வராது. பொழுதுபோக்கு தொல்லியல். மனித இனம் எந்தச் சூரியனின் கீழ் முதலில் தோன்றியது என்பதில் அவருக்கு அபாரமான ஈடுபாடு. அதுவாக இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம் என்று சில நட்சத்திரங்களின் பெயரை அடுக்குகிறார். நம் சூரியனும் அவற்றில் ஒன்று. நேரில் போய்த் தோண்டிப் பார்த்தால் என்ன என்று மேயர் சால்வர் ஹார்டின் கேட்கிறார். டோர்வினுக்கு அது நாகரிகமில்லாத யோசனையாகப் படுகிறது. பழைய பண்டிதர்களை எல்லாம் படித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு எடைபோட்டு முடிவுக்கு வருவதுதான் ஆராய்ச்சியாம். அவர் ஆதாரம் காட்டும் நூலே எண்ணூறு வருடப் பழசு.

இந்தப் பகுதி முதலில் 1942-இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்தது. அஸிமோவுக்கு அப்போது 22 வயது. பேரரசு எப்படி அழுகுகிறது என்பதைக் காட்டத்தான் டோர்வினை உள்ளே கொண்டுவந்தார். எனக்கு நின்றது வேறொன்று. இந்தக் கதையில் பூமியை யாரும் குண்டு போட்டு அழிக்கவில்லை, கடல் கொள்ளவும் இல்லை. விலாசம் தொலைந்துபோயிற்று, அவ்வளவுதான். கோடானுகோடிப் பேர், லட்சக்கணக்கான உலகங்கள், ஒருவருக்கும் சொந்த ஊர் எதுவென்று தெரியாது. தெரியாததில் யாருக்கும் வருத்தமும் கிடையாது.

*

பூமியை விட்டுப் போன மனிதர்களின் கதைகளை நான் இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்வேன். புறப்படும் கதைகள் ஒரு கட்டு: எரிகல் வருகிறது, பயிர் கருகுகிறது, கப்பல் கட்டுகிறார்கள், யாருக்கு இடம் என்று அடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சினிமா இந்தக் கட்டிலிருந்துதான் எடுக்கிறது. புறப்பட்டவர்களின் பேரன் பேத்திகளைப் பற்றியவை இன்னொரு கட்டு. பூமியை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. 'போகலாமா' என்று அவர்களை யாரும் கேட்டதும் இல்லை. இலக்கியம் இருப்பது இங்கேதான் என்பது என் கட்சி. முதல் கட்டில் 'இன்டர்ஸ்டெல்லர்' (2014) படத்தின் தொடக்கம் மட்டும் விதிவிலக்கு. புழுதிப்புயல் காலத்தைப் பற்றி முதியவர்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்களே, அவர்களில் பலர் நடிகர்கள் இல்லை. 1930-களில் அமெரிக்கச் சமவெளியில் மண்ணே காற்றில் பறந்துபோனதைக் கண்டவர்கள். கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணப்படத்திலிருந்து அந்தத் துண்டுகளை எடுத்துச் சேர்த்திருக்கிறார் இயக்குநர் நோலன். படத்தில் அதற்குப் பிறகு வரும் கருந்துளைகளைவிட எனக்கு அந்தக் கிழவர்கள் முக்கியம்.

*

அஸிமோவின் முதல் நாவல் 'பெப்பிள் இன் தி ஸ்கை' (1950). ஜோசப் ஷ்வார்ட்ஸ், ஓய்வுபெற்ற தையல்காரர். சிகாகோவில் நடந்து போகிறார். வழியில் ஒரு துணிப் பொம்மை கிடக்கிறது. மிதித்துவிடக் கூடாதே என்று காலைத் தூக்குகிறார். அந்தக் கால் தரையைத் தொடும்போது பல ஆயிரம் வருடங்கள் கடந்துவிட்டன. பூமி கதிரியக்கத்தில் வெந்து, இரண்டு கோடிப் பேருக்கு மட்டும் சோறு போடக்கூடிய வறண்ட மாகாணமாகிக் கிடக்கிறது. அறுபது வயதானால் உயிரோடு இருக்க அனுமதியில்லை. ஷ்வார்ட்ஸ் அறுபதைத் தாண்டியவர். மனிதர்கள் இங்கிருந்துதான் கிளம்பினார்கள் என்று பூமிக்காரர்கள் சொன்னால் மற்ற உலகத்தார் சிரிக்கிறார்கள்.

பூமி ஏன் கதிரியக்கத்தில் வெந்தது என்பதற்கு 35 வருடம் கழித்து 'ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்' நாவலில் காரணம் சொன்னார். பூமியின் விரோதிகள் போட்ட சதி அது. அதைத் தடுக்கக்கூடிய இடத்தில் இருந்த ரோபோ தடுக்காமல் விட்டுவிடுகிறது. பூமி மெல்ல மெல்ல வாழத் தகாததாக ஆனால்தான் மனிதர்கள் தாய்மடியை விட்டு எழுந்து பால்வெளி முழுக்கப் பரவுவார்களாம். அவர்களுடைய நன்மைக்காகத்தான் என்கிறது ரோபோ. ஜனங்களின் நன்மைக்காக அவர்கள் ஊரைக் காலி செய்த எல்லா அதிகாரிகளும் சொன்னது இதைத்தான். இந்த இடத்தில் அஸிமோவுக்கு வர வேண்டிய கோபம் வரவில்லை. ரோபோவின் மனக்குழப்பத்தைப் பற்றி அக்கறையாக எழுதுகிறார், வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை.

*

ஹாரி மார்ட்டின்சன், ஸ்வீடன்காரர். 'அனியாரா', 1956. நாவல் இல்லை, 103 பகுதிகள் கொண்ட நெடுங்கவிதை. பூமி கதிர்வீச்சால் நஞ்சாகிவிட்டது. அங்கிருந்து மக்களைச் செவ்வாய்க்கு ஏற்றிச் செல்லும் வழக்கமான கப்பல்களில் ஒன்று அனியாரா. பயணிகள் எட்டாயிரம் பேர். ஒரு குறுங்கோளில் மோதாமல் இருக்க விலகுகிறது, விலகிய இடத்தில் விண்கற்கள், சுக்கான் போய்விடுகிறது. செவ்வாய் பக்கவாட்டில் நழுவிப் போக, கப்பல் லைரா நட்சத்திரக் கூட்டத்தை நோக்கி ஓடத் தொடங்குகிறது. திருப்ப வழியே இல்லை. உள்ளே விளக்கு எரிகிறது, காற்று இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் கிடையாது.

கப்பலில் மீமா என்றொரு இயந்திரம். தொலைதூரக் காட்சிகளை ஈர்த்து, பூமியின் காடும் ஏரியும் கண்முன்னால் இருப்பதுபோலக் காட்டும். சும்மா பொழுதுபோக்குக்கு வைத்தது. கப்பல் தடம் மாறிய பிறகு ஜனங்கள் அதன் முன்னால் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருநாள் பூமியில் டோரிஸ்பெர்க் நகரம் எரிந்து அழிவதை மீமா காட்ட நேர்கிறது. அதன்பின் அதனால் இயங்க முடியவில்லை. துக்கம் தாளாமல் செத்துப்போகிறது. மனிதர்கள் சாகவில்லை. ஆடுகிறார்கள், புதுப்புது மதங்களைத் தொடங்குகிறார்கள், மீமாவுக்கே வழிபாடு நடத்துகிறார்கள். பூமிக்காகத் துக்கப்படும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டவர்கள். அது உடைந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது.

மார்ட்டின்சனின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு கவிதை வேறு மாதிரிப் படுகிறது. சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோனார். அம்மா பிள்ளைகளை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அனாதையாக நின்ற பிள்ளையைத் திருச்சபை வட்டாரம் பண்ணை பண்ணையாக மாற்றி மாற்றி ஒப்படைத்தது. வளர்ந்ததும் கப்பலேறி வருடக்கணக்காகக் கடலில் உழைத்தார். கரையில் விடப்படுவது எப்படி இருக்கும், கப்பலில் அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும், இரண்டும் அந்த மனிதருக்குத் தெரியும். 1974-இல் நோபல் பரிசு வந்தபோது, பரிசு கொடுக்கும் அகாதமியிலேயே அவரும் உறுப்பினர் என்று ஸ்வீடனில் பெரிய ரகளை. இன்றைக்கு அந்தச் சண்டையை நினைப்பவர் குறைவு. ஓர் உண்மையான நட்சத்திரத்துக்கு அனியாரா என்று பெயர் இருக்கிறது. 2019-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நாட்டுக்கு ஒரு நட்சத்திரம் என்று பெயர் சூட்டச் சொன்னபோது ஸ்வீடன் வைத்தது. அதைச் சுற்றும் கோளுக்கு, கவிதையில் கப்பலை ஓட்டும் பெண்ணின் பெயர்: இசகெல்.

2018-இல் படமாகவும் வந்தது. கப்பலின் உட்புறம் பெரிய ஷாப்பிங் மால் போலவே இருக்கும். சரியான யோசனை.

*

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-இல் கொழும்பில் இறந்தவர். திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் முக்குளித்து, கடலுக்கடியில் கிடந்த பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தவர்களில் ஒருவர். அவருடைய 'தி சாங்ஸ் ஆஃப் டிஸ்டன்ட் எர்த்' (1986) நாவலை யாழ்ப்பாணத்திலோ மாத்தறையிலோ இருந்துகொண்டு படிப்பவருக்கு வாசனை உடனே பிடிபடும். தலஸ்ஸா என்ற கடல் உலகம், அதில் மூன்று தீவுகள், அவசரமில்லாத ஜனங்கள், பெரிய சண்டை எதுவும் கிடையாது. நாயகியின் பெயர் மிரிஸ்ஸா. தென்னிலங்கைக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரும் அதுதான்.

சூரியன் வெடிக்கப் போகிறது என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆளில்லாத விதைக் கப்பல்களை அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் இயந்திரங்களே குழந்தைகளை உருவாக்கி வளர்க்கின்றன. தலஸ்ஸாவின் முதல் தலைமுறைக்கு அம்மா அப்பா கிடையாது. அவர்களோடு அனுப்பிய நூலகத்தை ஒரு குழு உட்கார்ந்து வடிகட்டுகிறது. மதம் தொடர்பானவை எல்லாம் கத்தரிக்கப்படுகின்றன. கடைசியாகப் பூமியை விட்டுக் கிளம்பிய மெகல்லன் கப்பல், பத்து லட்சம் பேரை உறக்கத்தில் வைத்துக்கொண்டு, பனிக்கட்டிக் கேடயத்தைப் புதுப்பிக்கத் தலஸ்ஸாவில் நிற்கிறது. அதிலிருந்து இறங்கும் மோசஸ் கால்டர் என்ற அறிஞரிடம் என்ன இருக்கிறது தெரியுமா? கண்டியின் புத்தர் பல். கிளார்க் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மதநூல்களை வெட்டியெறியும் குழுவை எழுதியதும் அவர்தான், பல்லை மட்டும் பத்திரமாகக் கப்பலில் ஏற்றியதும் அவர்தான். அந்த முரண்பாட்டை அவர் தீர்த்துவைக்க முயலவில்லை. நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே.

சூரியன் வெடிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட காரணம் அந்தக் காலத்து நிஜப் புதிர். தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் ரேமண்ட் டேவிஸ், சலவைக்குப் பயன்படும் ரசாயனத்தைச் சுமார் 3.8 லட்சம் லிட்டர் தொட்டியில் நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணிக்கொண்டிருந்தார். வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. சூரியனின் உள்ளே ஏதோ கோளாறு என்று கிளார்க் கதை கட்டிவிட்டார். 2001, 2002-இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் விடை சொல்லியது: நியூட்ரினோ வரும் வழியிலேயே வகை மாறிவிடுகிறது, டேவிஸின் தொட்டிக்கு ஒரு வகைதான் அகப்படும். சூரியனுக்கு ஒரு கேடும் இல்லை. நாவலின் அஸ்திவாரம் போயிற்று. நாவலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

*

நூலகத்தை வடிகட்டுவது என்றதும் வாயேஜர் நினைவுக்கு வருகிறது. 1977-இல் போன இரண்டு விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு, அதில் 55 மொழிகளில் வாழ்த்து. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, பேசுவார் இல்லாமல் போன சுமேரியன்கூட உண்டு. தமிழ் இல்லை. சதி ஒன்றும் கிடையாது. கார்னெல் பல்கலைக்கழகப் பக்கம் அந்த நேரத்தில் ஆள் கிடைத்த மொழிகளைப் பெரும்பாலும் அங்கேயே பதிவு செய்தார்கள். மனிதகுலத்தின் பிரதிநிதிகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்க முடியும் போலிருக்கிறது: பக்கத்து அறையில் யார் இருக்கிறார்களோ அவர்கள்.

*

ரே பிராட்பரியின் 'தி மில்லியன் இயர் பிக்னிக்'கில் வேறு வழி. வடிகட்டுவதெல்லாம் இல்லை, கொளுத்திவிடுவார்கள். பூமியில் யுத்தம். ஒரு குடும்பம் மீன்பிடிக்கப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கு ஓடிவருகிறது. அப்பா இரவில் நெருப்பு மூட்டி, கொண்டுவந்த கடன் பத்திரங்களையும் அரசாங்கக் காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் போடுகிறார். கடைசியில் உலகப் படம். செவ்வாய்வாசிகளைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தாரே என்று பிள்ளைகள் கேட்க, கால்வாய்த் தண்ணீரில் அவர்கள் முகத்தையே காட்டுகிறார். அழகான முடிவு என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பையன்களில் ஒருவன் வளர்ந்து, உலகப் படத்தை ஏன் எரித்தீர்கள் என்று கேட்கும் கதையை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

'தி மார்ஷியன் கிரானிகிள்ஸ்' தொகுப்பின் முதல் பதிப்பில் இந்தக் கதைக்குப் போட்ட தேதி அக்டோபர் 2026. பின்னால் ஒரு பதிப்பில் எல்லாத் தேதியையும் 31 வருடம் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டிருக்க வேண்டாம்.

*

யாருக்கு இடம்? பிராட்பரியின் 'தி அதர் ஃபுட்' (1951). செவ்வாயில் இருப்பது முழுக்கக் கறுப்பின மக்கள். வந்து இருபது வருடமாகிறது. பூமியிலிருந்து முதல் முறையாக ஒரு வெள்ளைக்காரன் வரப் போகிறான் என்று தெரிந்ததும் வில்லி ஜான்சன் பெயின்ட் டப்பாவோடு கிளம்புகிறான். டிராம் வண்டியின் பின்வரிசையை வெள்ளையருக்கு ஒதுக்கி எழுதுகிறான், கயிறும் தயாராக இருக்கிறது. வந்திறங்கும் கிழவர், பூமியில் எதுவும் மிச்சமில்லை, உங்கள் கப்பலைக் கொடுத்து உதவுங்கள் என்கிறார். வில்லியின் தகப்பனைத் தூக்கில் தொங்கவிட்ட மரம் என்னவாயிற்று என்று கேட்கிறார்கள். அந்த மலையும் மரமும் எரிந்துபோயின. வில்லி கயிற்றைக் கீழே போடுகிறான்.

மன்னிப்பு கொஞ்சம் சுலபமாக வந்துவிடுகிறது. எழுதியவர் வெள்ளைக்காரர் என்பது தெரிகிறது. ஆனாலும் அந்த மரத்தை விசாரிக்கும் இடம் பொய்யில்லை. ஊர் அழிந்தது என்று கேட்டால் முதலில் கேட்கத் தோன்றுவது நமக்குக் கொடுமை நடந்த இடத்தைப் பற்றித்தான்.

ஆக்டேவியா பட்லர் இவ்வளவு சுலபமாக விட மாட்டார். 'பேரபிள் ஆஃப் தி டேலன்ட்ஸ்' (1998) முடிவில், நட்சத்திரங்களில் வேர்விட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட லாரன் ஒலமினாவின் ஆட்கள் ஒருவழியாகக் கிளம்புகிறார்கள். கப்பலின் பெயர் கிறிஸ்டோஃபர் கொலம்பஸ். லாரனுக்குப் பிடிக்கவில்லை, மாற்றவும் முடியவில்லை.

*

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'அரோரா' (2015) வந்தபோது விண்வெளிப் பிரியர்கள் பலர் கொதித்துப் போனார்கள். ஏன் என்று புரிகிறது. 12 ஒளியாண்டு தள்ளி இருக்கும் டௌ செட்டிக்குச் சுமார் இரண்டாயிரம் பேரோடு ஒரு கப்பல். பல தலைமுறைப் பயணம். கடைசித் தலைமுறையின் தலைமைப் பொறியாளர் டெவி. அந்த அம்மாவுக்கு எதிரிகள் என்று வேற்றுக்கிரகத்தார் யாரும் கிடையாது. பாஸ்பரஸ்தான் எதிரி. சுழற்சியில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எங்கேயோ ஒட்டிக்கொண்டு திரும்பி வருவதில்லை. பாக்டீரியா மனிதர்களைவிட வேகமாகப் பரிணமிக்கிறது. மூடிய பெட்டிக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. போய்ச் சேர்ந்த நிலவில் ஏதோ நுண்பொருள் இறங்கியவர்களைக் கொல்கிறது. இருக்கலாம் என்று பாதி, திரும்பலாம் என்று பாதி. கைகலப்பு, கொலை. திரும்புகிறவர்களோடு நாவலும் பூமிக்குத் திரும்புகிறது.

இதெல்லாம் ராபின்சனின் கற்பனை மட்டுமில்லை. அரிசோனாவில் பயோஸ்ஃபியர் 2 என்று கண்ணாடிக் கூரைக்குள் மூன்று சொச்சம் ஏக்கரில் ஒரு குட்டி உலகம் கட்டினார்கள். மழைக்காடு, சிறுகடல், வயல் எல்லாம் உண்டு. 1991 செப்டம்பரில் நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் இரண்டு வருடத்துக்கு உள்ளே போனார்கள். பிராணவாயு 21 சதவீதத்திலிருந்து மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்து 14-ஐ நெருங்கியது. உயரமான மலைமேல் ஏறி நிற்பதுபோல மூச்சிரைப்பு. கணக்குப் பார்த்தால் போன பிராணவாயு கரியமில வாயுவாகத் திரும்பியிருக்க வேண்டும், அதையும் காணவில்லை. கடைசியில் பிடிபட்டது: பயிர் செழிக்கட்டும் என்று போட்ட கொழுத்த மண்ணில் நுண்ணுயிரிகள் பிராணவாயுவைத் தின்று கரியமில வாயுவை விட, அதைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சி, சுண்ணாம்புக்கல்லாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பிராணவாயுவை உள்ளே விட்டுத்தான் எட்டுப் பேரும் மிச்சக் காலத்தை ஓட்டினார்கள். மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் செத்துப்போயின. எறும்பும் கரப்பான் பூச்சியும் கொழித்தன.

இதைத் தோல்வி என்று அப்போது கேலி செய்தார்கள். எனக்கு அது கடந்த நூற்றாண்டின் அருமையான பரிசோதனைகளில் ஒன்று. பூமியை மறந்துவிட்ட லார்ட் டோர்வினின் மனிதர்களிடம் எனக்கு ஒரு கேள்வி பாக்கி: உங்கள் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா எந்த ஊர்? புத்தகத்தில் அழிந்துபோன விலாசம் அங்கே எழுதித்தான் இருக்கும். மரபணுவைப் படிக்கத் தெரிந்த ஒரு நாகரிகம், எல்லா உலகத்திலும் ஒரே கோதுமையும் ஒரே பூஞ்சையும் இருப்பதைப் பார்த்த பிறகும் தோன்றிய ஊரைப் பற்றிப் பண்டிதர்களைப் படித்துக்கொண்டிருக்காது. 1942-இல் அஸிமோவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, டி.என்.ஏ-வின் வடிவமே 1953-இல்தான் தெரிய வந்தது.

*

எத்தனை பேர் போனால் போதும்? பிரெஞ்சு வானியலாளர் ஃப்ரெடரிக் மரான் 2018-இல் கணினியில் ஓட்டிப் பார்த்து 98 பேர் போதும் என்றார். யார் யாரோடு பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தினால்தான் அந்தக் கணக்கு. மானிடவியலாளர் கேமரன் ஸ்மித் அதற்கு முன்பே பல்லாயிரம் பேர் வேண்டும் என்றிருந்தார். 98-க்கும் பல்லாயிரத்துக்கும் நடுவே இருப்பது சுதந்திரம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம் செய்யாமல் இருக்க, கோபித்துக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோக, உபயோகமில்லாத ஆளாக இருக்க, இத்தனைக்கும் ஆள் வேண்டும்.

*

பூமியை விட்டுப் போகவும் கூடாது, இருக்கவும் முடியாது என்றால்? பூமியையே நகர்த்து என்கிறார் லியு சிஷின். 'வாண்டரிங் எர்த்' குறுநாவல் 2000-இல் வந்தது. சூரியன் வெடிக்கப் போகிறது என்பதால், ராட்சத எஞ்சின்களைப் பூமியின் மேல் பூட்டி ப்ராக்ஸிமா நட்சத்திரத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். 2019-இல் வந்த படம் வியாழனோடு முட்டல் மோதல், கண்ணீர், தியாகம் என்று போய்விட்டது. குறுநாவலில் இருக்கும் முக்கியமான இடம் படத்தில் இல்லை. வருடக்கணக்கில் சூரியனுக்கு ஒன்றும் ஆகாததைப் பார்த்த ஜனங்கள், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று கிளர்ந்தெழுந்து அரசைக் கவிழ்க்கிறார்கள். பயணத்தை நடத்தியவர்களை உறைந்த கடலின் மேல் நிறுத்தி, உடையின் வெப்பத்தை அணைத்துக் கொல்கிறார்கள். அவர்கள் செத்த பிறகு சூரியன் வெடிக்கிறது. இதைக் கட்சிக்காரன் ஒருவன் தன் கட்சிக்கு ஆதரவாகப் படிக்கலாம், எதிராகவும் படிக்கலாம். படத்தில் விட்டதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

*

பிராட்பரியின் 'தி லக்கேஜ் ஸ்டோர்' இரண்டு மூன்று பக்கக் கதை. செவ்வாயில் பெட்டிக் கடை வைத்திருப்பவரும் ஒரு பாதிரியாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பூமியில் யுத்தம் வரப்போகிறதாம். ஜனங்கள் எல்லாரும் திரும்பிப் போவார்கள், என் பெட்டிகள் அத்தனையும் விற்றுவிடும் என்கிறார் கடைக்காரர். யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எதற்கு யுத்தத்துக்குள் போவார்கள் என்பது பாதிரியாரின் சந்தேகம். எரிகிற வீட்டை நோக்கி ஓடுவதா, நம்பும்படி இல்லை என்று இந்தக் கதையைப் படித்த சிநேகிதர்களும் சொல்வார்கள். நான் நம்புகிறேன். பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் அங்கே இருக்கும்போது இங்கே பத்திரமாக இருப்பது தாங்காது. முதல் தலைமுறைக்கு மட்டும் வரும் வியாதி அது, அடுத்த தலைமுறையாக இருந்தால் கடைக்காரருக்கு ஒரு பெட்டிகூட விற்றிருக்காது. புறப்படும் முன் பாதிரியாரும் தனக்கொரு பை வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

'மார்ஷியன் கிரானிகிள்ஸ்' தொகுப்பில் அதற்குச் சற்றுப் பின்னால் வரும் 'தி சைலன்ட் டவுன்ஸ்' கதையைத் தாண்டிப் போய்விடலாம். காலியான செவ்வாயில் மிஞ்சிய ஒரே பெண் குண்டாக இருக்கிறாள் என்பதை வைத்து ஒரு முழுக்கதை. பிராட்பரிக்கே அது தகாது.